ஆகாயத்தில் பிரேக் பிடிக்குமா?

குட்டீஸ்... கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் கேம் விளையாடியிருக்கிறீர்களா? ரன்வே கண்ணுக்குத் தெரியும்போது, நம் விமானம் ரொம்ப உயரத்தில் இருக்கும். கவலையே வேண்டாம்! ஒரு பட்டனைத் தட்டினால், இறக்கைகளின் மேல் தகடுகள் எழும்பி நிற்கும். விமானம் சட்டென்று வேகம் குறைந்து, கல் போலக் கீழே இறங்கும். இன்னொரு பட்டனைத் தட்டினால், என்ஜின் உறுமி, மறு நொடியே மேலே தூக்கிவிடும்.

நிஜ விமானமும் இப்படித்தானா? இல்லவே இல்லை!

200 கி.மீ.,க்கு முன்பே!

பயணிகள் விமானம், காற்றில் வழுக்கிச் செல்லும்படி செய்யப்பட்டது. என்ஜின் சக்தியைக் குறைத்தாலும் 'தொப்'பென்று விழாது, மெல்லத்தான் இறங்கும். 1,000 அடி இறங்க, ஏறக்குறைய 5.5 கி.மீ., பறக்க வேண்டும். இது விமானிகள் மனக்கணக்காகப் போடும் கணக்கு.

நாமும் போட்டுப் பார்ப்போமா? 35,000 அடி உயரத்தில், தெற்கிலிருந்து திருச்சிக்கு ஒரு விமானம் வருகிறது. 35ஐ 5.5ஆல் பெருக்கினால், 190 கி.மீ.,க்கு மேல் வருகிறது. அப்படியானால், ராமேஸ்வரத்தைத் தொடும் முன், கடலுக்கு மேல் இருக்கும்போதே விமானி இறங்கத் தொடங்கிவிட வேண்டும்!

புதுக்கோட்டை மாவட்டத்தில், இசைக் கல்வெட்டுக்குப் பெயர் பெற்ற குடுமியான்மலை இருக்கிறது அல்லவா? அங்கிருந்து திருச்சி விமான நிலையம், நேர்கோட்டில் சுமார் 40 கி.மீ., தூரம். நேராக ரன்வேயை நோக்கி வரும் விமானம், குடுமியான்மலைக்கு மேலே ஏறக்குறைய 7,000 அடியில் இருந்தால் கணக்கு சரி. அதுவே 14,000 அடியில் இருந்தால்? கணக்கு தப்பிவிட்டது!

குடையும் காற்றும்

'மூக்கைக் கீழே சாய்த்தால் போதுமே' என்கிறீர்களா? சரிவில் சைக்கிள் விட்டால் என்ன ஆகும்? வேகம் கூடும். விமானமும் அப்படித்தான். பயணிகளோடு இறங்க வரும் ஒரு நடுத்தர விமானத்தின் எடை, சுமார் 60 டன். பன்னிரண்டு யானைகள் சைக்கிளில் சரிவில் வருவதாக நினைத்துக் கொள்ளுங்கள்!

இங்கேதான் 'ஸ்பீட் பிரேக்' உதவிக்கு வருகிறது. இறக்கையின் மேலுள்ள தகடுகள் எழுந்து நின்று, காற்றைத் தடுக்கும். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தால் இதை நீங்களே பார்க்கலாம். ஆனால், இது சைக்கிள் பிரேக் போல சக்கரத்தைப் பிடிப்பதில்லை, காற்றைத்தான் பிடிக்கிறது.

ஆடிக் காற்றில் குடை விரித்தால் ஆளையே இழுக்கும். இளங்காற்றில் விரித்தால் சும்மா இருக்கும். அதே கதைதான் இங்கும். விமானத்தின் வேகம் பாதியானால், தகடு தரும் தடுப்பு விசை பாதியாகாது, கால் பங்காகிவிடும்! அதாவது, ரன்வேயை நெருங்கி, வேகம் குறையக் குறைய, ஸ்பீட் பிரேக்கின் பலமும் குறைந்துகொண்டே போகும்.

என்ஜினும் பட்டன் தட்டியதும் ஓடி வராது. சக்தி குறைந்த நிலையில் சுழலும் ஜெட் என்ஜின், முழு சக்திக்கு வர, ஐந்து முதல் எட்டு நொடிகள் வரை ஆகலாம். எட்டு வரை எண்ணிப் பாருங்கள். அதற்குள், இறங்க வரும் விமானம் அரை கி.மீ.,க்கு மேல் கடந்துவிடும்!

மங்களூரில் நடந்தது

2010ம் ஆண்டு மே 22ல், துபாயிலிருந்து மங்களூருக்கு ஒரு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் வந்தது. மங்களூரில் ராடார் பழுதாகியிருந்ததால், அது கீழே இறங்கத் தொடங்கவே தாமதமானது. ஸ்பீட் பிரேக்கை எழுப்பினர். சக்கரங்களையும் முன்கூட்டியே இறக்கினர். அப்படியும், ரன்வேயை நெருங்கும்போது, இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தது.

அப்போதும் ஒரு வழி இருந்தது. இறங்காமல் மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி, மறுபடி வருவது. துணை விமானி மூன்று முறை அதைச் சொன்னார் என்கிறது விசாரணை அறிக்கை. தலைமை விமானி கேட்கவில்லை. சுமார் 8,000 அடி நீள ரன்வேயில், 5,200 அடியைத் தாண்டித்தான் விமானம் தரையைத் தொட்டது. குன்றின் உச்சியில் அமைந்த விமான நிலையம் அது. நிற்க இடம் போதாமல், விமானம் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் எட்டு பேர்தான் பிழைத்தனர்.

அதனால், 'மேலே போய் மறுபடி வா' என்பது தோல்வி அல்ல குட்டீஸ், புத்திசாலித்தனம்! நீங்கள் செல்லும் விமானம், இறங்கப் போகும் நேரத்தில் திடீரென்று மேலே ஏறினால் பயப்படாதீர்கள். விமானி சரியான முடிவு எடுத்திருக்கிறார்.

துருத்தியில் பிறந்த சிமுலேட்டர்

விமானிகளும் பொம்மை விமானத்தில்தான் பழகுகின்றனர். அதற்கு 'சிமுலேட்டர்' என்று பெயர். அமெரிக்காவின் எட்வின் லிங்க், 1929ல் இதன் முன்னோடியை உருவாக்கினார். அவரது அப்பாவின் தொழிற்சாலை, ஆர்கன் என்ற இசைக்கருவியைச் செய்தது. அதில் பயன்படும் காற்றுத் துருத்திகளை வைத்தே பயிற்சி விமானத்தை ஆட்டினார் லிங்க்!

இன்றைய சிமுலேட்டர், ஆறு கால்களில் நின்று ஆடும் ஒரு பெரிய கூண்டு. நிஜ விமானத்தைப் பறக்கவிட்டு, ஸ்பீட் பிரேக் எவ்வளவு தடுத்தது, என்ஜின் எத்தனை நொடியில் சக்தி பெற்றது என்றெல்லாம் அளந்து, அதே கணக்கை இதில் ஏற்றுகின்றனர்.

சரி, உங்கள் கேம் எப்படி? ஒரு சோதனை செய்யுங்கள். பயணிகள் விமானத்தைத் தேர்ந்தெடுத்து, உயரத்தில் பறக்கவிடுங்கள். ஸ்பீட் பிரேக்கைத் தொடாமல், என்ஜின் சக்தியை மட்டும் குறையுங்கள். வேகம் மாறாமல் 1,000 அடி இறங்க எத்தனை கி.மீ., ஆகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். ஐந்து கி.மீ.,யை ஒட்டி வந்தால், சபாஷ், உண்மை பேசும் கேம்! ஒரே கி.மீ.,யில் இறங்கிவிட்டால், அது வெறும் விளையாட்டுதான்!