பிக்கப் வண்டிக்குப் பல் பிடித்துப் பார்க்கலாமா?

மணப்பாறை மாட்டுச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காளை வாங்க வருகிறவர் எடுத்த எடுப்பில் விலையைக் கேட்க மாட்டார். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் தரகர் துண்டை விரிப்பார். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது.

அந்த மனிதருடைய பேரன் இன்று பிக்கப் வண்டி வாங்கப் போகிறான். குளுகுளுவென்ற அறை, சுழல் நாற்காலி, கையில் குளிர்பானம். எதிரே கழுத்துப் பட்டை அணிந்த வாலிபர், "மாதம் எவ்வளவு கட்ட முடியும், அண்ணே? அதைச் சொல்லுங்க, மற்றதை நாங்க பார்த்துக்கிறோம்" என்கிறார். பேரன் யோசித்து, "பதினாறாயிரம்" என்கிறான். தீர்ந்தது! பல்லும் பார்க்கவில்லை, சுழியும் பார்க்கவில்லை. துண்டுக்கு அடியில் இருக்க வேண்டிய விரல் சந்தை நடுவே நீட்டப்பட்டுவிட்டது.

அம்மணிகளே, இது ஆண்கள் விஷயம் என்று தாண்டித் தொடர்கதைப் பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். இந்த வண்டிக்கு முன்பணம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் உங்கள் கையிலிருந்து கழன்று அடகுக் கடைக்குப் போகும் வளையல்களிலிருந்துதான். வண்டி நன்றாக ஓடினால் வளையல் திரும்பி வரும். தவணை தவறினால் வண்டியும் போகும், வளையலும் போகும். ஆகவே இருவரும் சேர்ந்தே படியுங்கள்.

முதலில் ஒரு வார்த்தை. வண்டியைப் பார்ப்பதற்கு முன் உங்கள் சுமையைப் பாருங்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 25 கிலோ. நடைக்கு 50 பெட்டி. அப்படியானால் 1,250 கிலோ. 2005-ம் வருஷம் டாட்டா கம்பெனி 'ஏஸ்' என்று ஒரு வண்டியைக் கொண்டு வந்தது. ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். சந்து பொந்துகளில் நுழைய அதைப் போல் இல்லை. ஆனால் அது முக்கால் டன் வண்டி. நம் தக்காளிக்காரருக்கு அது போதாது. 2011-ல் வந்த அசோக் லேலண்டின் 'தோஸ்த்', நம் ஓசூரில் உற்பத்தியாவது, ஒன்றேகால் டன் வகையைச் சேர்ந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப்பில் 1.3 டன்னும் உண்டு, 1.7 டன்னும் உண்டு. இந்த நடுத்தர வகையில்தான் அவர் தேட வேண்டும்.

இன்னொரு சங்கதி. 1,250 கிலோ சுமக்கும் வண்டி என்றால் 1,250 கிலோ தக்காளி ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. நீங்கள் பிற்பாடு மாட்டும் கம்பிக் கூண்டு, தார்ப்பாய், சுமை இறக்க ஏறிக்கொள்ளும் ஆள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். "அதெல்லாம் இரண்டு டன் ஏற்றினாலும் இழுக்கும் அண்ணே!" என்று விற்பனைக்கார வாலிபர் சொல்வார். இழுக்கும், வாஸ்தவம்தான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. அப்போது அந்த வாலிபர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

வைக்கோல், பஞ்சு, தேங்காய் மட்டை ஏற்றுகிறவருக்குக் கணக்கு வேறே. அவருக்கு எடை பெரிதில்லை, இடம்தான் பெரிது. அவர் டன்னைப் பார்க்காமல் தொட்டியின் நீளத்தை டேப் பிடித்து அளக்க வேண்டும்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே சொல்லியிருக்கிறது. வண்டியின் எடையும் சுமையின் எடையும் சேர்ந்ததுதான் இந்த மொத்த எடை. சில வண்டிகளின் மொத்த எடை மூவாயிரத்துக்கு ஒரு சிட்டிகை கீழே நிற்பதன் ரகசியம் இதுதான். பெரிய வண்டி என்ற ஆசையில் அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் பர்மிட் செலவையும் அலைச்சலையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரண இலகுரக வண்டி லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

எந்தக் கம்பெனி வண்டி நல்லது? இதை என்னிடம் கேட்காதீர்கள், ஷோரூமிலும் கேட்காதீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு உங்கள் ஊர் மார்க்கெட்டுக்குப் போய், எந்த வண்டி அதிகம் நிற்கிறது என்று எண்ணுங்கள். டீக்கடையில் டிரைவர்களோடு ஒரு டீ குடியுங்கள். "லிட்டருக்கு எத்தனை கொடுக்குது? பாரத்தோட மேடு ஏறுதா? சாமான் உள்ளூரிலே கிடைக்குதா?" என்று மூன்றே கேள்வி கேளுங்கள். காகிதத்தில் உள்ள மைலேஜ் வேறு, தக்காளி ஏற்றிய வண்டியின் மைலேஜ் வேறு. வண்டி ஒரு நாள் படுத்தால் தக்காளி அழுகும். பக்கத்து ஊரில் மெக்கானிக்கும் உதிரி பாகமும் கிடைக்கும் சுமாரான வண்டி, கிடைக்காத பிரமாத வண்டியைவிட மேல் என்பது என் கட்சி.

இனி விலைக்கு வருவோம்.

ஷோரூமில் இரண்டு விலை சொல்வார்கள். ஒன்று ஷோரூம் விலை. மற்றது ரோட்டில் இறக்கும் விலை. இரண்டுக்கும் நடுவேதான் கூத்து நடக்கிறது. சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றும் நியாயமானவை. அவற்றோடு 'கையாளும் கட்டணம்', 'ஆவணக் கட்டணம்', 'அலங்காரச் சாமான்' என்று சில விருந்தாளிகளும் வந்து பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். விலைப் பட்டியலை வரி வரியாகப் பிரித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும், "இதற்கு ரசீது உண்டா, தம்பி?" என்று மட்டும் கேளுங்கள். சண்டை வேண்டாம். ரசீது இல்லாத வரிகள் தாமாகவே எழுந்து போவதைக் காண்பீர்கள்.

இன்ஷூரன்ஸில் ஒரு நுட்பம். பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான பகுதி அரசாங்கம் நிர்ணயிப்பது. எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். ஷோரூம்காரர் காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே ஒரு விலை விசாரித்து வைத்துக்கொண்டு பேசினால் அவரும் இறங்கி வருவார்.

ஒரே கம்பெனி வண்டிக்குத் திண்டுக்கல்லில் ஒரு விலை, மதுரையில் ஒரு விலை, கரூரில் ஒரு விலை வாங்குங்கள். மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். பிறகு உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ளவரிடம் போய், "உங்களிடம்தான் வாங்க ஆசை, சர்வீஸுக்கு உங்களிடம்தான் வரப் போகிறேன், ஆனால் அந்தக் காகிதம் இப்படிச் சொல்கிறதே!" என்று வருத்தத்தோடு நீட்டுங்கள். துண்டுக்குள் விரல் பிடிப்பதற்குச் சமமான வித்தை இது.

பேசுவதற்குக் காலமும் உண்டு. ஆடி மாதம் நம் ஜனங்கள் வண்டி வாங்க மாட்டார்கள், கடை காற்றாடும். அப்போது விலையைப் பேசி முடித்து முன்பணம் கட்டிவிட்டு, ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து வண்டியை எடுப்பவர் கெட்டிக்காரர். சாஸ்திரத்துக்கும் பழுதில்லை, பைக்கும் பழுதில்லை. ஆயுத பூஜைக்கு முதல் வாரம் போய்த் தள்ளுபடி கேட்கிறவரைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்தாலே ஆச்சரியம். மாதக் கடைசியில் எத்தனை வண்டி விற்றது என்று மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய வாலிபர் கொஞ்சம் இளகியிருப்பார். டிசம்பர் கடைசியிலும் தள்ளுபடி தாராளமாகவே கிடைக்கும். ஆனால் அந்த வண்டி பிறந்தது அந்த வருஷம்தான் என்று ஆர்.சி. புத்தகத்தில் ஏறிவிடும். பத்து நாள் கழித்து அதற்கு ஒரு வயது ஆகிவிட்டது என்பார்கள். நாலைந்து வருஷத்தில் விற்றுவிடுகிற எண்ணம் இருந்தால் தள்ளுபடி அதற்கு ஈடாக இருக்க வேண்டும். வண்டி தேயும் வரை ஓட்டப் போகிறவருக்கு இது வெறும் லாபம்.

விற்பனைக்காரர் சொல்லாவிட்டாலும் வண்டியின் பிறந்த வருஷத்தை நீங்களே பார்க்கலாம். சேசிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து பெரும்பாலும் அதைத்தான் சொல்லும். 'ஆர்' என்றால் 2024, 'எஸ்' என்றால் 2025. மாட்டுக்குப் பல் மாதிரி வண்டிக்கு இது!

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு ஆறு லட்சம் கடன் வாங்குகிறீர்கள். "வட்டி ஏழு சதவிகிதம்தான் அண்ணே, நாலு வருஷம்" என்கிறார்கள். கேட்க இனிமையாயிருக்கிறது. ஆறு லட்சத்துக்கு ஏழு சதவிகிதம் 42,000. நாலு வருஷத்துக்கு 1,68,000. அசலோடு சேர்த்து 7,68,000. அதை 48 மாதத்தால் வகுத்தால் தவணை சரியாக 16,000 ரூபாய். கணக்கில் பிசகில்லையே என்பீர்கள். பிசகு இருக்கிறது! நீங்கள் மாதா மாதம் அசலை அடைத்துக்கொண்டே வருகிறீர்கள். மூன்றாவது வருஷக் கடைசியில் உங்கள் தலையில் இருக்கும் கடன் ஆறு லட்சமா? அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வட்டி மட்டும் முழு ஆறு லட்சத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறது. குறைந்து வரும் பாக்கிக்கு மட்டும் ஏழு சதவிகிதம் போட்டால் தவணை ஏறக்குறைய 14,370 தான். மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். நாலு வருஷத்தில் 78,000-க்கும் மேல். திருப்பிச் சொன்னால், அந்த இனிமையான ஏழு, உண்மையில் பன்னிரண்டரைக்கும் மேற்பட்ட வட்டி.

எழுபத்தெட்டாயிரம்! ஷோரூமில் தொண்டை வறளப் பேசி ஐயாயிரம் குறைத்து, ஒரு ஸ்டீரியோவும் இனாமாகப் பெற்று, வெற்றிப் புன்னகையோடு வெளியே வருகிறவர், பக்கத்து மேஜையில் கையெழுத்துப் போட்டு இழப்பது இவ்வளவு. ஆகவேதான் சொல்கிறேன்: விலையைத் தனியாகப் பேசுங்கள்; கடனைத் தனியாகப் பேசுங்கள்; பழைய வண்டியை மாற்றிக் கொடுப்பதானால் அதையும் தனியாகப் பேசுங்கள். மூன்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிளறினால் எதில் உப்பு கூடியது என்று தெரியாது.

ரிசர்வ் வங்கி நமக்கு ஒரு உபகாரம் செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், இந்த மாதிரிக் கடன் கொடுக்கிறவர்கள் 'முக்கிய விவரத் தாள்' ஒன்றைக் கடன்காரருக்குப் புரிகிற பாஷையில் கொடுத்தாக வேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்து வருஷத்துக்கு உண்மையான வட்டி எத்தனை என்று அதில் போட்டிருக்க வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமில்லாமல் பிற்பாடு வாங்க முடியாது. இரண்டு மூன்று இடங்களில் இந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தவணை உங்களால் தாங்குமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பதினாறாயிரத்தை 25 வேலை நாளால் வகுத்தால் 640. டீசல், டிரைவர் பேட்டா, டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் போக ஒவ்வொரு நாளும் இந்த 640 நிற்க வேண்டும். தக்காளி விலை விழுந்து மார்க்கெட்டே தூங்கும் மாதத்திலும் நிற்க வேண்டும். நிற்காது என்று தோன்றினால் சின்ன வண்டிக்குப் போங்கள், அல்லது முன்பணத்தைக் கூட்டுங்கள், அல்லது ஒரு வருஷம் பொறுங்கள்.

பழைய வண்டி வாங்கலாமா? தாராளமாக. ஆனால் ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் ஏழு லட்சம் பெறும் வண்டி அதற்கு முன்பு 8,96,000. குறைந்த வரியில் 8,26,000. "நான் ஒன்பது லட்சத்துக்கு வாங்கினேனாக்கும்" என்று ஆரம்பிக்கிறவரிடம் இந்த எழுபதாயிரத்தை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

பழைய வண்டியில் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் கீழே குனியுங்கள். பின் பட்டைகளில் புதிதாக ஒன்றிரண்டு கூடுதலாகச் சொருகியிருந்தால், முந்திய சொந்தக்காரர் பாரத்துக்கு அஞ்சாதவர் என்று அறிக. சேசிஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் நடையைக் கட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் பக்கம் செலவு காத்திருக்கிறது. பிறகு காகிதங்கள். எஃப்.சி. எத்தனை நாள் இருக்கிறது? எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதற்கு நிற்க வேண்டும். பழைய அபராதம் பாக்கி உண்டா? ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அவர் தரும் ஆட்சேபணையில்லாக் கடிதமும் 35-ம் நம்பர் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் நம்பர் படிவங்கள்.

புது வண்டியை எடுக்கப் போகும் நாளிலும் அவசரம் ஆகாது. எண்ணெய் விளக்கு, மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் தயாராக இருக்கும். ஐயர் ராகு காலம் வந்துவிடும் என்று அவசரப்படுத்துவார். இருக்கட்டும். முதலில் இன்வாய்ஸில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, இரண்டாவது சாவி, இன்ஷூரன்ஸ் தாள் எல்லாவற்றையும் கையில் வாங்குங்கள். வெயில் இருக்கும்போதே உடம்பைச் சுற்றிப் பாருங்கள். மாலை விளக்கொளியில் கீறல் தெரியாது. எல்லாம் சரியென்றால் மட்டும் டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.