தெரியாத கதைக்குக் குரல் கொடுப்பவர்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் விழும் அருவிக்குப் பீமன் நீர்வீழ்ச்சி என்று பெயர். வியாசர் சொன்ன பாரதத்தில் இந்த மலை கிடையாது. எங்கோ வடக்கே நடந்த கதையின் பலசாலியை இங்கே கூட்டிவந்து, பாறையில் இறங்கும் தண்ணீருக்கு அவன் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒருவர் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் எடுத்து, மூலத்தில் இல்லாத இடத்தில் உலவவிடுவதைத்தான் இன்றைய தலைமுறை ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறது. ரசிகர் புனைவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் புனைவை ஒருவர் வாசித்து ஒலிப்பதிவு செய்தால் அது பாட்ஃபிக். இதில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. மூல நாவலையோ படத்தையோ தொடாத ஒருவர், அதன் ரசிகர் எழுதிய கதைக்குக் குரல் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம் என்பதே என் கட்சி. ஒரே நிபந்தனை, வாசிக்கும் முன் அவர் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

வடதமிழகத்துக் கூத்தைப் பாருங்கள். வியாச பாரதத்தில் அர்ச்சுனன் மகன் இராவான் எட்டாம் நாள் போரில் அரக்கன் ஒருவனோடு பொருது சாகிறான். தமிழில் அவனே அரவானாகி, போர் தொடங்கும் முன்பே களப்பலி ஆகிறான். கூத்தில் மதுரையை ஆளும் அல்லி அரசி வியாசரிடம் இல்லவே இல்லை. ஆனாலும் மூலத்தின் ஒரு வரியைக்கூட அறியாத சனம், களப்பலிக் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்து அழுகிறது. கிளைக்கதை நன்றாகச் சொல்லப்பட்டால் வேர் தெரியாதவருக்கும் நிழல் தரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வாசிப்பவருக்கு இங்கே ஒரு பாடமும் இருக்கிறது. வேஷக்காரர் களத்துக்குள் நுழையும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். கீழே சலங்கைக் கால்களும் மேலே கிரீடத்தின் நுனியும் மட்டும் தெரியும். கட்டியக்காரன் அவரைக் கேட்பான்: நீ யார், எந்த நாடு, யாருக்குப் பிறந்தவன்? திரைக்குப் பின்னிருந்தே அவர் தன் பேரும் ஊரும் குலமும் பாடுவார். கூடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது துரியோதனன் என்று முன்பே தெரியும். இருந்தும் அந்தக் கேள்வியைக் கூத்து விடுவதில்லை. தெரியாதவனுக்காக ஒருவன் வாய்திறந்து கேட்பது, ஆட்டத்தின் அங்கமாகவே அமைந்துவிட்டது.

எதிர்ப்பு லேசானதல்ல. பொன்னியின் செல்வனை வைத்தே பார்க்கலாம். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார், அதன் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யைப் படைத்தார், இன்றும் இளைஞர்கள் அந்தப் பாத்திரங்களை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு புதுக்கதையில், நந்தினி மீன் சின்னம் பொறித்த வாளைக் கையில் எடுத்தாள் என்று ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம். நாவலைப் படித்தவருக்கு அங்கே மூச்சு நிற்கும். அந்த மீனுக்குப் பின்னால் பாண்டிய குலமும், வீரபாண்டியனின் வெட்டுண்ட தலையும், ஆதித்த கரிகாலன் மேல் அவள் வளர்த்த வஞ்சமும் இருக்கின்றன. படிக்காதவர் அதைச் சமையலறைக் கத்தி மாதிரி வாசித்துவிட்டுப் போய்விடுவார். ரசிகர் காதில் அது முள்ளாகக் குத்தும். குத்துவது நியாயம்தான். ஆனால் இதற்கு மருந்து உண்டு. கதையை முழுக்க ஒருமுறை மனசுக்குள் படித்து, பெயர்களையும் விளங்காத பொருள்களையும் ஒரு தாளில் எழுதி, கதாசிரியரிடமே கேட்டுவிடலாம்: இந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது, இந்த வாளைக் கண்டதும் யார் பயப்பட வேண்டும்? இரண்டு நாள் வேலை. அதைக்கூடச் செய்ய மனமில்லாதவர் ஒலிவாங்கி முன் உட்கார வேண்டாம் என்று நானும் சொல்வேன்.

அப்படியானால் ரசிகர்களே வாசித்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். ரசிகருக்கு வேறொரு குறை உண்டு. எல்லாம் தெரிந்த தெம்பில் அவர் விளக்கம் வரும் இடங்களில் ஓடிவிடுவார். புதிதாகக் கேட்பவர் வழியிலேயே தொலைந்துபோவார். வெளியாளுக்கோ ஒவ்வொரு வாக்கியமும் புதிது, அதனால் நிதானிப்பார். செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்துக் கலைஞர்கள், கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைக் கூத்தாக ஆடினார்கள். அந்தக் கதையின் கரீபியக் கடற்கரை அவர்கள் வளர்ந்த உலகமல்ல. அடவையும் பாட்டையும் கைவிடாமல், அந்தக் கதைக்குத் தங்கள் தொண்டையைக் கொடுத்தார்கள்.

அனுமதி விஷயத்தில் மட்டும் சலுகை கூடாது. கல்கியின் எழுத்து 1999-இல் நாட்டுடைமை ஆனது. அதை யாரும் வாசிக்கலாம். ஆனால் அதை ஒட்டி இன்று ஒரு பெண் எழுதிய புதுக்கதை அவளுடைய உழைப்பு. பாட்ஃபிக் செய்பவர்களிடம் இந்த ஒழுக்கம் பொதுவாக இருக்கிறது: எழுதியவர் சரி என்ற பிறகே பதிவு. ‘யாரும் வாசிக்கலாம்’ என்று முன்கூட்டியே அறிவித்துவிடும் எழுத்தாளர்களும் உண்டு.

இந்த ஒழுக்கம் ஜவ்வாது மலைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் சொல்லும் கதைகள் வாய்மொழியாகவே வாழ்கின்றன. நாளைக்கு அவற்றைச் சமவெளிக்காரர் ஒருவர் ஒலிநூலாக்க வரலாம். மலைப் பேச்சின் இழுப்பும் சொல்லும் அவருக்குப் பழகியிருக்காது. முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் குரலில் கதையைச் சொல்லட்டும். வந்தவர் அதைக் கேட்டு, சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி, “இதை எப்படிங்கய்யா சொல்லணும்?” என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகு தன் கருவியை முடுக்கட்டும்.