பேரனின் இரும்புக் காவலன்

பள்ளி விட்டு வந்ததும் என் பேரன் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறான். நம் சங்க அன்பர்கள் வீடுகளிலும் இதே காட்சிதான் இருக்கும். ஒரு நாள் கண்டிக்கலாம் என்று போய் எட்டிப் பார்த்தேன். நான்கு இரும்புக் கட்டிகளை அடுக்கி, உச்சியில் ஒரு பூசணிக்காயை வைத்தான். அது எழுந்து நடக்கத் தொடங்கியது. "இது கோலெம், தாத்தா. ஊரைக் காக்கும்" என்றான். மைன்கிராஃப்ட் என்னும் அந்த விளையாட்டில் 2012 முதல் இது உண்டு. எங்கோ படித்த பெயராயிற்றே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கோலெம் எபிரேயச் சொல். உருப்பெறாதது என்று பொருள். யூதர்களின் வேதத்தில் ஒரே ஓர் இடத்தில், 139ஆம் சங்கீதத்தில், வருகிறது. பின்னாளில், களிமண்ணால் செய்து எழுத்தின் வலிமையால் உயிரூட்டிய ஆளுக்கு அதுவே பெயராயிற்று. இவற்றுள் புகழ்பெற்றது பிராக் நகரத்து யூத குரு யூதா லோவின் கதை. அவர் நிஜமாகவே வாழ்ந்து 1609இல் காலமானவர். கோலெம் கதை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது வெகுகாலம் கழித்துத்தான். யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்று பொய்ப்பழி சுமத்தித் தாக்குவது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நடந்த கொடுமை. அந்தப் பழியிலிருந்து தம் மக்களைக் காக்கவே குரு கோலெமைச் செய்தார் என்ற வடிவம் 1909இல் யூதல் ரோசன்பர்க் எழுதிய நூலால் பரவியது. ஊர் எல்லையில் நிற்கும் நம் ஐயனாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை யாரும் கும்பிடுவதில்லை. வேலை முடிந்ததும் மண்ணாக்கிவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த முறைதான். நெற்றியில் 'எமெத்' என்று எழுதுவார்கள். உண்மை என்று பொருள். முதலெழுத்தை அழித்தால் மிஞ்சுவது 'மெத்', அதாவது இறந்தவன். மண் சரிந்துவிடும். நம் மொழியிலோ மெய் என்றால் உண்மை, உடல், எழுத்து மூன்றுமே!

கோலெம் விளையாட்டுகளில் பரவியதற்கு 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெரிதும் காரணம். அங்கே போனபோது முரட்டு உடம்பு போயிற்று, எழுத்து பெரும்பாலும் போகவில்லை. டெர்ரி பிராட்செட் 1996இல் எழுதிய 'ஃபீட் ஆஃப் க்ளே' நாவல் விதிவிலக்கு; அதில் கோலெம்களை இயக்குவதே தலைக்குள் வைத்த எழுத்துச் சீட்டுதான்.

பேரனிடம் சொன்னேன். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பிறந்தவன். வெளியே இந்தி, வீட்டில் தமிழ். பேச்சு வரும், எழுத்து வராது. "நம்ம எழுத்துல எழுதினா எழுந்திருக்குமா, தாத்தா?" என்றான்.

'மெய்' என்று எழுதிக் காட்டினேன். பார்த்து எழுதியவன் புள்ளியை விட்டுவிட்டான்.

"இது எழுந்திருக்குமா?"

"படுத்தேதான் கிடக்கும்" என்றேன்.

காகிதத்தை இழுத்துப் புள்ளியை வைத்தான்.