அந்த 7 நாள் யார் சொன்னது?

சப்ளை செயின் மேனேஜ்மென்ட் என்றதும் அது பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று பலர் ஒதுங்கி விடுகிறார்கள். வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் இருக்கச் செய்வதுதான் அது. இதன் முதல் பாடத்தை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கற்றுக் கொள்ளலாம்.

அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 16 ஆண்டுகள் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் பிரிவுகளில் வேலை பார்த்தேன். பிறகு எம்.பி.ஏ. மாணவர்களுக்கு இதையே பாடமாக நடத்த வந்தேன்.

இரண்டு ரூபாய் வாஷர் வராவிட்டாலும் அசெம்பிளி லைன் நின்றுவிடும். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் ரீஆர்டர் லெவல் உண்டு. இருப்பு அந்த அளவுக்கு இறங்கியதும் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். கணக்கு இதுதான்: தினசரிச் செலவை, பொருள் வந்துசேரும் நாட்களால் பெருக்கி, பாதுகாப்பு இருப்பைக் கூட்ட வேண்டும்.

'வந்துசேர 7 நாட்கள்' என்று புத்தகம் கொடுத்துவிடும்; மாணவர்களும் நொடியில் விடை சொல்வார்கள். "அந்த 7 நாள் யார் சொன்னது?" என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். சப்ளையர் 7 என்பார். பழைய பில்களைப் புரட்டினால் 7, 9, 12 என்று இருக்கும். ஃபார்முலா சரியாக இருந்தும், போட்ட எண் தவறானால் லைன் நிற்கும்.

பல்கலைக்கழகமும் எனக்கு ஒன்றைப் புரிய வைத்தது. ஒரு மாதம் குடோன் நிரம்பி வழியும். அடுத்த மாதம் காலியாகும். இதன் காரணத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1958-லேயே விளக்கியிருக்கிறார். கடையில் விற்பனை சிறிது கூடினாலும், மொத்த வியாபாரி, தொழிற்சாலை என்று போகப் போக ஆர்டர் பெரிதாகிவிடும். தகவலும் சரக்கும் தாமதமாவதும், ஒவ்வொருவரும் தம் இருப்பை நிரப்பச் சற்றுக் கூடுதலாகக் கேட்பதுமே காரணம்.

இனி உங்கள் முறை. வீட்டில் பெரியவர்களின் பிரஷர் மாத்திரை தீரக் கூடாது அல்லவா? எக்ஸெல்லைத் திறந்து பொருள், இருப்பு, தினசரிச் செலவு, வரும் நாட்கள், பாதுகாப்பு இருப்பு, ரீஆர்டர் லெவல் என்று ஆறு தலைப்புகளை வரிசையாக டைப் செய்யுங்கள். அடுத்த வரியில் மாத்திரையின் விவரங்களை நிரப்புங்கள். கடைசி செல்லில் சமக்குறி இட்டு, தினசரிச் செலவு செல்லை கிளிக் செய்யுங்கள். நட்சத்திரக் குறி இட்டு, வரும் நாட்கள் செல்லை கிளிக் செய்யுங்கள். கூட்டல் குறி இட்டு, பாதுகாப்பு இருப்பு செல்லை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள்.

தினம் 2 மாத்திரை, வர 5 நாள், பாதுகாப்பு 4 என்றால் விடை 14. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாத்திரைகளை எண்ணி இருப்பைத் திருத்துங்கள். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் உடனே வாங்குங்கள். 'வரும் நாட்கள்' இடத்தில் கடைக்காரர் சொன்னதைப் போடாதீர்கள்; முன்பு உண்மையில் எத்தனை நாளில் வந்தது என்று பார்த்துப் போடுங்கள். பயத்தில் நான்கு மாத மருந்தை வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். நீங்கள் குவித்தால் அடுத்தவருக்கு இல்லாமல் போகும்.