நாலு மணி நேரம்... ஒரே ஒரு வயிறு!

ஆபீஸ் வேலையாக மதுரைக்குப் போகிறவரா நீங்கள்? சாயங்காலம் 5 மணிக்கு ஃபைலை மூடிவிட்டு, ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடிக்கிற வரைக்கும் லாட்ஜ் ரூமில் டி.வி. பார்த்துக்கொண்டு கிடந்தால் அந்த மீனாட்சிக்கே பொறுக்காது! அந்த நாலு மணி நேரத்தில் எதை, எந்த வரிசையில் உள்ளே அனுப்புவது என்பதில் நான் டாக்டர் பட்டமே வாங்கியிருக்கிறேன். (தேர்வாளர்: என் வயிறு.)

முதலில் பருத்திப்பால். 'மாட்டுக்கு வைக்கிற பருத்திக்கொட்டையா?' என்று முகம் சுளிக்காதீர்கள். சாட்சாத் அதேதான்! திருமங்கலம், அருப்புக்கோட்டை என்று சுற்றிலும் கரிசல் மண். பஞ்சு மில்லுக்கு, கொட்டை மாட்டுக்கும் நமக்கும். ராத்திரியே ஊற வைத்து, ஆட்டி, பிழிந்து, வடிகட்டி, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பூ தூவி... தொண்டையில் இறங்கும்போதே சளி, 'நான் கிளம்பறேன் சார்' என்று சொல்லிக்கொள்ளும். பருத்தி புடவையாய்க் காய்த்தது என்பார்கள். இங்கே பாலாகவே காய்த்துவிட்டது!

தள்ளுவண்டிப் பெரியவரிடம், "இப்பத்தான் எல்லாம் கிரைண்டராச்சே, என்னய்யா கஷ்டம்?" என்றேன்.

"ஆட்டுறதை மிஷின் ஆட்டிரும் தம்பி. பிழியிறது யாரு? சக்கையில மிச்சம் இல்லாம மூணு தரம் பிழியணும். கை மரத்துப் போகும். எம் மகன் ஒரு வாரம் பிழிஞ்சான். இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவனும் பருத்தியை விடலை பாருங்க!"

சிரித்தார். "அப்புறம் இந்த வண்டி?" என்றேன். "என் கை பிழியிற வரைக்கும் ஓடும். இன்னொரு டம்ளர் ஊத்தவா?" ஊத்தச் சொன்னேன். வேறென்ன சொல்ல?

அடுத்து, சிம்மக்கல் கோனார் கடை கறி தோசை. தடியான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி. மூன்று மாடிக் கட்டடம்! பர்ஸ் கொஞ்சம் இளைக்கும். சைவ நண்பர்கள் வருத்தப்பட வேண்டாம். தூங்கா நகரத்தில் எந்த நேரமும் எங்காவது இட்லிச் சட்டியில் ஆவி பறந்துகொண்டிருக்கும்.

அந்தச் சூட்டைத் தணிக்க விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. (தூண் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் நினைவாக வைத்தது. கோட்டைச் சுவரை இடித்து ஊரை அகலமாக்கியவர். நாமோ வயிற்றை!) 2014-ல் கார்த்திக் சுப்புராஜ் அந்தப் பெயரில் படம் எடுத்தார்; இப்போது ஊருக்கு ஊர் 'மதுரை ஜிகர்தண்டா' போர்டு. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? பால் வெள்ளைவெளேரென்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிய பால் லேசான பழுப்பாகத்தான் இருக்கும். பாதாம் பிசின் ஊறி உப்பி, கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும். நன்னாரி வாசனை வரணும். கலர் ஜெல்லி மிதந்தால் அது ஜிகரும் இல்லை, தண்டாவும் இல்லை!

ஸ்டேஷன் பக்கம் வந்தாச்சா? பிரேமா விலாஸில் சுடச்சுட அல்வா. இலையில் வைத்துத் தருவார்கள். நெய் முழங்கைக்கு வழிவதற்குள் வாய்க்குள் போய்விட வேண்டும். மேனேஜருக்கும் கால் கிலோ கட்டிக்கொள்ளுங்கள். 'மேனேஜருக்கே அல்வா குடுத்தியாமே?' என்று நாளைக்கு யாராவது கேட்டால், தைரியமாகத் தலையாட்டலாம்!