வட்டியும் உடன்படிக்கைச் சுதந்திரமும்

கடனுக்கு வட்டி இவ்வளவுக்கு மேற்படலாகாது என்று சர்க்கார் வரையறுப்பது தகுமா, அன்றிக் கொடுப்பவரும் வாங்குபவரும் தம்முள் பேசி முடித்துக்கொள்ளும்படி விட்டுவிடுவது தகுமா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்த விஷயம். ஐக்கிய நாணய சங்கங்கள் ஏன் தோன்றின என்பதை அறிய விரும்பும் அங்கத்தினர்கள் இவ்விவாதத்தின் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வட்டி என்பது பணத்தின் விலை. அதற்கு வரம்பு கட்டினால் ஏழைக்குக் கடன் கொடுப்பாரே இரார். கொடுப்பவரும் மறைவாகக் கொடுத்து, சட்டத்தை மீறும் அபாயத்திற்கும் சேர்த்து வட்டி வாங்குவர் என்பது அவர்கள் கூற்று. ஜெரமி பெந்தாம் என்னும் ஆங்கில அறிஞர் 1787-இல் இக்கருத்தை வற்புறுத்தி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் வட்டி வரம்புச் சட்டங்கள் 1854-இல் ரத்தாயின. அடுத்த ஆண்டே, 1855-ஆம் ஆண்டின் 28-ஆவது சட்டத்தின் மூலம், இந்தியாவிலும் அவ்வரம்பு நீக்கப்பட்டது.

இதன் விளைவு பம்பாய் மாகாணத்தில் நன்கு புலப்பட்டது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரினால் இந்தியப் பருத்தியின் விலை மிக உயர்ந்தது. சாவுகார்களும் தாராளமாகக் கடன் கொடுத்தனர். போர் முடிந்ததும் விலை வீழ்ந்தது, கடனோ வீழவில்லை. 1867 முதல் பல தாலுகாக்களில் நிலவரியும் உயர்த்தப்பட்டது. 1875-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி பூனா ஜில்லாவைச் சேர்ந்த சூபா என்னும் ஊரில் குடியானவர்கள் திரண்டு சாவுகார்களின் வீடுகளில் புகுந்தனர். கலகம் அகமத்நகர் ஜில்லாவிற்கும் பரவிற்று. அவர்கள் முக்கியமாகத் தேடியது பணத்தையன்று, கடன் பத்திரங்களையே, கிடைத்தவற்றைத் தீயிலிட்டனர்.

உடன்படிக்கை செய்துகொள்ள இருவருக்கும் சுதந்திரம் இருக்கையில் இவ்வளவு கோபம் ஏன் மூண்டது? பேரம் நியாயமாக முடிவதற்குக் கொடுப்பவர் பலர் இருத்தல் வேண்டும். எழுதப்பட்டது இன்னதென்று வாங்குபவர் அறிதல் வேண்டும். வேண்டாமென்று மறுத்துவிட்டு எழுந்து செல்ல அவரால் இயலவும் வேண்டும். விதைப்புக் காலத்தில் வீட்டில் விதையின்றி, ஊரிலுள்ள ஒரே சாவுகாரிடம், படிக்கத் தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வைத்தவருக்கு இம்மூன்றில் ஒன்றேனும் உண்டா?

மேலும், சர்க்கார் தலையிடவில்லை என்பதும் பாதி உண்மையே. கோர்ட்டும் டிக்ரியும் ஜப்தியும் சர்க்காருடையவை அல்லவா? சர்க்கார் விலகி நிற்கவில்லை. பத்திரம் வைத்திருந்தவர் பக்கமாகவே நின்றது. பிரதிவாதி ஆஜராகாமலே தீர்ப்பான வழக்குகள் ஏராளம். கடனாளிக்கு நன்மையாகும் என்றெண்ணி 1859-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் மூன்று ஆண்டுக் கெடு விதித்தது. அதுவும் தீமையாகவே முடிந்தது. கெடு முடியுமுன் வட்டியை முதலோடு கூட்டிப் புதுப் பத்திரம் எழுதி வாங்கப்பட்டது. உதாரணமாக, மாதம் 100-க்கு 2 ரூபாய் வட்டியில் வாங்கிய 100 ரூபாய் மூன்று ஆண்டில் 172 ரூபாயாகும். அதனையே முதலாக வைத்துப் பத்திரம் மாற்றினால், ஆறாம் ஆண்டு முடிவில் 295 ரூபாய் 13 அணாவாகும். குடியானவர் கையில் வாங்கியதோ 100 ரூபாய்தான்.

கலகத்தை விசாரிக்கக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. பின்னர் 1879-இல் தக்காண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பிறந்தது. பூனா, அகமத்நகர், சத்தாரா, ஷோலாப்பூர் ஆகிய நான்கு ஜில்லாக்களில், பத்திரத்தோடு நில்லாமல் கடனின் வரலாறு முழுவதையும் விசாரிக்கக் கோர்ட்டுகள் கடமைப்பட்டன. கடனுக்காக விவசாயியைச் சிறையிலடைப்பதும் நின்றது. ஆயினும் குறை முற்றும் தீரவில்லை. சில சாவுகார்கள் கடன் கொடுப்பதைக் குறைத்தனர். சிலர் அடமானத்திற்குப் பதிலாக நிலத்தைக் கிரயமாகவே எழுதி வாங்கினர். தலையிடலாகாது என்றவர்களின் எச்சரிக்கை இவ்வளவில் மெய்யாயிற்று. சட்டம் அநியாயத்தைத் தடுக்கும். விதைக்கும் எருவுக்கும் பணம் தராது.

அப்பணத்திற்கு வழி காண்பதற்கே சென்னை மாகாணத்தில் ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் நியமிக்கப்பட்டார். ஐரோப்பிய நாடுகளின் முறைகளை ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் இரு பாகங்களாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைஸன் நிறுவிய கிராம நாணய சங்கங்களின் மாதிரியை அவர் சிபாரிசு செய்தார். 1904-இல் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் நிறைவேறியது. கடன் வாங்குபவரே கொடுப்பவருமாய், கணக்கு அனைவரும் காணத்தக்கதாய், வட்டி அங்கத்தினர் அறிந்து ஒப்பியதாய் இருத்தல் இம்முறையின் சிறப்பு. தனியாருக்கு இல்லாத பேர வலிமை சேர்ந்தவருக்கு உண்டாகிறது.

ஆகவே சர்க்கார் முற்றும் விலகி நின்றால் எளியவர் நசுங்குவர். எல்லாவற்றையும் சட்டமே செய்துவிடும் என்றிருந்தாலும் ஏமாறுவர். சங்கம் விதைப்புக் காலம் கடந்து கடன் கொடுக்குமாயின், அங்கத்தினர் பழைய வாசலையே நாடுவார். அங்கத்தினர் தவணை தவறுவாராயின், அடுத்தவருக்குக் கொடுக்கச் சங்கத்தில் பணமிராது. பஞ்சாயத்தார் காலத்தில் கொடுத்தலும், அங்கத்தினர் தவணையில் செலுத்துதலுமே உடன்படிக்கைச் சுதந்திரத்தைக் குடியானவருக்கு மெய்யான சுதந்திரமாக்கும்.