மெஷினுக்குக் காய்ச்சல் வந்தால் யார் சொல்வது? பாபநாசம் மின் நிலையத்தை வைத்து ஒரு பாடம்!

வீட்டில் ஃபேன் திடீரென்று நின்றுவிடுகிறது. எந்த ஒயர் எந்தச் சுவருக்குள் போகிறது என்பது அன்று ஒயரிங் செய்த எலெக்ட்ரீஷியனுக்கு மட்டும்தான் தெரியும். அவரோ இப்போது ஊரில் இல்லை. ஒரு வீட்டுக்கே இந்தப் பாடு என்றால், ஒரு மின் நிலையத்துக்கு?

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது பாபநாசம் நீர்மின் நிலையம். 1944-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 4 யூனிட்கள், தலா 8 மெகாவாட். டர்பைனைச் சுற்றிவிட்ட தண்ணீர் தாமிரபரணி வழியாகக் கார், பிசான வயல்களுக்குப் போகிறது. பாசனக் காலத்தில் யூனிட் நின்றாலும் தண்ணீர் போயே ஆக வேண்டும். அதில் கிடைத்திருக்க வேண்டிய மின்சாரம் போனது போனதுதான். அதனால், கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் லாபம்.

இதற்கு இன்ஜினீயர்கள் கையில் எடுத்திருக்கும் வழிகளில் ஒன்று, 'மாடல் பேஸ்டு சிஸ்டம்ஸ் இன்ஜினீயரிங்'. பெயர்தான் மிரட்டுகிறது, விஷயம் எளிது. டிராயிங் பீரோவில், லாக் புக் மேஜையில், அனுபவம் ஒருவர் தலையில் என்று சிதறிக் கிடப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே மாடலாக இணைப்பது. இதை வரைவதற்கென்றே 'சிஸ்எம்எல்' என்ற படமொழி இருக்கிறது.

உதாரணமாக, டர்பைன் தண்டைத் தாங்கும் பேரிங் சூடாகிறது. சென்சார் வெப்பத்தை மட்டும்தான் சொல்லும். எண்ணெய் குறைந்ததா, குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் அடைத்ததா, தண்டு விலகியதா? எதை முதலில் பார்க்க வேண்டும், எந்த வால்வை மூட வேண்டும் என்பதை மாடல் காட்டிக்கொடுக்கும்.

இந்த இணைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2009 ஆகஸ்ட் 17. ரஷ்யாவின் சயானோ சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில், டர்பைன் மூடியைப் பிடித்திருந்த போல்ட்கள் உலோகச் சோர்வால் அறுந்தன. வெள்ளம் உள்ளே பாய்ந்ததில் 75 பேர் இறந்தார்கள். அந்த யூனிட்டின் அதிர்வு எல்லை மீறியது கருவிகளில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அளவு தெரிந்தும் யாரும் அதை நிறுத்தவில்லை!

மாடல் மந்திரக்கோல் அல்ல. ஒரு வால்வை மாற்றினால் அன்றே மாடலிலும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் அது தப்பாகவே வழிகாட்டும்.

இன்னொன்று, சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடும் சீனியர் ஆபரேட்டர்கள் எல்லா ஆலையிலும் உண்டு. அவர்கள் ரிட்டயர்டு ஆவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு, எழுதி மாடலில் ஏற்ற வேண்டும். சாஃப்ட்வேரை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அந்த அனுபவம் கடையில் கிடைக்காது!